நோய் இப்போது வந்ததா, முன்பே வந்து போனதா?
செம்மறியாடுகளில் இரு முறை இரத்தப் பரிசோதனை செய்வதன் அவசியம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கும் நாட்களில் செம்மறியாட்டுப் பட்டிகளில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் மூக்கொழுகலும் தோன்றுவதை ஆடு வளர்ப்போர் நன்கு அறிவர். இவ்வாறு நோய் கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைத்து, இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் அறிக்கையைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

"ஆட்டுக்கொல்லி நோய்க்கான எதிர்ப்பொருள் உள்ளது" என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். உடனே பட்டியில் இருப்பது ஆட்டுக்கொல்லி நோய்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். முற்றிலும் தவறாகவும் இருக்கலாம். ஏனெனில், எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் அந்த வைரஸ் என்றோ ஒரு நாள் இந்த ஆட்டின் உடலைத் தொட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அது போன வாரமாக இருக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாகவும் இருக்கலாம். தடுப்பூசி போட்ட நாளாகவும் இருக்கலாம். நோய் அண்மையில் வந்ததா என்பதை அறிய, அதே ஆட்டின் இரத்தத்தை மூன்று வார இடைவெளியில் இரு முறை சோதிக்க வேண்டும். ஏன், எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒன்றுபோல் தோன்றும் நோய்கள்

செம்மறியாடுகளில் வாய்ப்புண், காய்ச்சல், மூக்கொழுகல் ஆகிய அறிகுறிகள் பல நோய்களுக்குப் பொதுவானவை. ஆட்டுக்கொல்லி நோயில் கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாயில் புண், துர்நாற்றம், கழிச்சல், சளி ஆகியவை காணப்படும். நீலநாக்கு நோயில் காய்ச்சலுடன் உதடும் முகமும் வீங்கும், நாக்கு தடிக்கும், சில ஆடுகளில் மட்டுமே அது நீலநிறமாக மாறும், குளம்பின் மேல்விளிம்பு சிவந்து ஆடு நொண்டும். கோமாரி நோயிலும் நொண்டுதல் உண்டு. குட்டிகளில் உதட்டைச் சுற்றிப் பொருக்குத் தட்டும் வாய்ப்புண் நோயும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிவது ஏட்டளவிலான விஷயமன்று. ஆட்டுக்கொல்லி நோய், நோயுற்ற ஆட்டின் மூச்சு, சளி, சாணம் ஆகியவற்றின் வழியாக நேரடியாகப் பரவுகிறது. எனவே நோயுற்ற ஆட்டைப் பிரித்து வைப்பதும் அண்டைப் பட்டிகளுக்குத் தடுப்பூசி போடுவதும் முதல் வேலை. நீலநாக்கு நோயோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத கூலிகாய்ட்ஸ் என்னும் சிறு கொசுப்பூச்சியால் பரவுகிறது. அங்கே ஆட்டைப் பிரித்து வைப்பதால் மட்டும் பயனில்லை. பட்டியைச் சுற்றியுள்ள சேற்றையும் சாணக் குவியலையும் அகற்றி, மாலையிலும் இரவிலும் பூச்சிக்கடியிலிருந்து ஆடுகளைக் காக்க வேண்டும். நோயைத் தவறாக அறிந்தால் தடுப்பு முறையும் தவறிப்போகும்.

அரசூர் தரும் பாடம்

இதற்குச் சான்றாக நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றையே கூறலாம். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987-ம் ஆண்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரசூரில் செம்மறியாடுகளில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-லேயே இந்நோய் விவரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தென்னிந்தியாவில் ஆடுகளுக்கு இத்தகைய நோய் வந்தபோதெல்லாம், அது மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயே என்று கருதப்பட்டு வந்தது.

இரண்டு வைரஸ்களும் நெருங்கிய உறவுடையவை. ஒன்றுக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்பொருள் மற்றொன்றையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். அதனால் பழைய பரிசோதனைகளில் இவ்விரண்டையும் பிரிப்பது எளிதாக இருக்கவில்லை. பின்னர், வைரஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடையாளம் காணும் போட்டி எலிசா பரிசோதனை வந்த பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆட்டுக்கொல்லி நோயை 2030-ம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்பது இப்போது உலக நாடுகளின் குறிக்கோளாக உள்ளது.

எதிர்ப்பொருள் உண்டாகும் விதம்

ஒரு வைரஸ் உடலுக்குள் புகுந்ததும், அதைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதப் பொருள்களை உடல் தயாரிக்கிறது. இவையே எதிர்ப்பொருள்கள். இரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் வெளிர்மஞ்சள் நிறத் தெளிநீரில் இவை இருக்கும். இத்தெளிநீரையே சீரம் என்கிறோம்.

எதிர்ப்பொருள்களில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. முதலில் வருவது ஐ.ஜி.எம். என்னும் வகை. நோய் தொற்றி ஏறத்தாழ ஒரு வாரத்தில் இது தோன்றி, சில வாரங்கள் உயர்ந்த அளவில் இருந்து, பிறகு குறைந்துவிடும். அடுத்து வருவது ஐ.ஜி.ஜி. என்னும் வகை. இது சற்றுத் தாமதமாகத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் நன்கு உயர்ந்து, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிலைத்திருக்கும். ஆட்டுக்கொல்லி நோயிலிருந்து பிழைத்த ஆட்டுக்கு மீண்டும் அந்நோய் வராமலிருப்பதற்கு இந்த நீண்டகால எதிர்ப்பாற்றலே காரணம்.

நிலத்தில் மழை பெய்ததை இதற்கு ஒப்பிடலாம். மேல்மண் ஈரம் நேற்றைய மழையைக் காட்டும். கிணற்று நீர்மட்டம் கடந்த பல மாதங்களின் மழையைக் காட்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்து நேற்று மழை பெய்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் கிணற்று மட்டத்தை இன்று அளந்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் அளக்கும்போது அது பெருமளவு உயர்ந்திருந்தால், இடையில் நல்ல மழை பெய்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இரு முறை இரத்தப் பரிசோதனையின் தத்துவம் இவ்வளவுதான்.

ஒரே ஒரு பரிசோதனை ஏன் போதாது?

முதற் காரணம் தடுப்பூசி. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியில் உள்ளது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உண்டாக்கும் எதிர்ப்பொருளும் நோயினால் உண்டாகும் எதிர்ப்பொருளும் பரிசோதனையில் ஒன்றாகவே தெரியும். இப்போது வழக்கில் உள்ள தடுப்பூசிகளில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வழி இல்லை. கோமாரி நோயில் நிலைமை வேறு. அதன் தடுப்பூசி செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸிலிருந்து தூய்மைப்படுத்தித் தயாரிக்கப்படுவதால், வைரஸ் உடலில் பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்களுக்கான எதிர்ப்பொருளைத் தேடி, நோய் கண்ட ஆட்டைத் தடுப்பூசி போட்ட ஆட்டிலிருந்து பிரித்தறிய முடிகிறது.

இரண்டாவது காரணம் பழைய நோய். நீலநாக்கு நோய் தென்னிந்தியாவில் வேரூன்றிவிட்ட நோய். 1964-ல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், 1997-98-ல் தென் மாநிலங்களில் பெருஞ்சேதம் விளைவித்தது. இங்குள்ள வளர்ந்த ஆடுகளில் பல, வெளியே தெரியும்படி நோய் காணாமலேயே இந்த வைரஸைச் சந்தித்திருக்கும். அவற்றின் இரத்தத்தில் எந்தக் காலத்தில் பார்த்தாலும் எதிர்ப்பொருள் இருக்கும். மேலும் நீலநாக்கு வைரஸில் இருபத்து நான்குக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வழக்கமான எலிசா பரிசோதனை இவ்வகைகள் அனைத்துக்கும் பொதுவான எதிர்ப்பொருளையே காட்டும். சென்ற ஆண்டு ஒரு வகை தாக்கியிருந்து, இந்த ஆண்டு வேறு வகை தாக்கினாலும் அறிக்கையில் ஒரே வரிதான் வரும்.

மூன்றாவது காரணம் சீம்பால். செம்மறியாட்டில் தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குட்டிக்குச் செல்வதில்லை. பிறந்த சில மணி நேரத்திற்குள் குடிக்கும் சீம்பால் மூலமே அது கிடைக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தாய்வழி எதிர்ப்பொருள் குட்டியின் உடலில் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதம் வரை இருக்கும். எனவே இரண்டு மாதக் குட்டியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது குட்டியின் நோயைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. குட்டிகளுக்கு நான்கு மாதத்திற்கு மேல் தடுப்பூசி போடச் சொல்வதும் இதனால்தான். தாய்வழி எதிர்ப்பொருள் இருக்கும்போது போடும் ஊசி சரியாக வேலை செய்யாது.

நான்காவதாக, 'இல்லை' என்று வரும் அறிக்கையும் ஏமாற்றக்கூடும். காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளில் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் உண்டாகியே இருக்காது. அதைப் பார்த்து 'அந்த நோய் இல்லை' என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

இரட்டை மாதிரி என்பது என்ன?

நோய் தொடங்கியவுடன், காய்ச்சல் உள்ள நாட்களிலேயே முதல் மாதிரியை எடுக்க வேண்டும். அதே ஆடுகளிலிருந்து 21 நாட்கள் கழித்து இரண்டாவது மாதிரியை எடுக்க வேண்டும். இரண்டு சீரத்தையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பதே சிறந்தது. வெவ்வேறு நாளில் வெவ்வேறு இடத்தில் சோதித்தால், ஏற்படும் வேறுபாடு ஆட்டினுடையதா, பரிசோதனையினுடையதா என்று தெரியாமல் போகும்.

எதிர்ப்பொருளின் அளவை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு அளக்கின்றனர் என்பதையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு, எண்பது மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்வார்கள். எந்த அளவுக்கு நீர்த்த பிறகும் அது வைரஸைத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். இருபது மடங்கு வரை வேலை செய்தால் அதன் அளவு 20. நூற்று அறுபது மடங்கு வரை வேலை செய்தால் 160.

முதல் மாதிரியில் 20 ஆகவும் இரண்டாவது மாதிரியில் 160 ஆகவும் இருந்தால், எட்டு மடங்கு உயர்வு. குறைந்தது நான்கு மடங்கு உயர்வு இருந்தால்தான் அண்மையில் தொற்றிய நோய் என்று கொள்வது வழக்கம். 20 என்பது 40 ஆனால் அது ஒரு படி வேறுபாடு மட்டுமே. அதே சீரத்தை இரு முறை சோதித்தாலும் அந்த அளவு வேறுபாடு வரக்கூடும் என்பதால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வைரஸைச் செயலிழக்கச் செய்யும் இந்த முறைக்கு உயிருள்ள செல்களும் பல நாட்களும் தேவை. எலிசா பரிசோதனையில் ஒரே நாளில் பல நூறு மாதிரிகளைச் சோதிக்கலாம். ஆனால் வழக்கமான போட்டி எலிசா 'உண்டு', 'இல்லை' என்றே சொல்லும். அதில் வரும் சதவீதம் கூடுதலாக இருப்பதால் நோய் புதியது என்று பொருள் கொள்ளக் கூடாது. எலிசாவில் நாம் தேட வேண்டியது, முதல் மாதிரியில் 'இல்லை' என்றிருந்த ஆடு இரண்டாவதில் 'உண்டு' என்று மாறியிருக்கிறதா என்பதையே.

அறிக்கையைப் படிக்கும் முறை

தடுப்பூசி போடாத ஒரு பட்டியில் பத்து ஆடுகளைச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். முடிவுகள் நான்கு விதமாக வரலாம்.

1. முதலில் இல்லை, பிறகு உண்டு: இடைப்பட்ட காலத்தில் அல்லது அதற்குச் சற்று முன்பு அந்த வைரஸ் தொற்றியிருக்கிறது. பட்டியில் காணும் நோய்க்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

2. இரண்டிலும் உண்டு, இரண்டாவதில் நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்வு: இதுவும் அண்மைத் தொற்றே.

3. இரண்டிலும் உண்டு, அளவில் மாற்றமில்லை: பழைய நோயின் அல்லது பழைய தடுப்பூசியின் எச்சமாக இருக்கலாம். முதல் மாதிரியைத் தாமதமாக எடுத்திருந்தாலும் இவ்வாறு வரும். எதிர்ப்பொருள் உச்சத்தை அடைந்த பிறகு எடுத்த மாதிரியில் உயர்வைக் காண முடியாது.

4. இரண்டிலும் இல்லை: தேடிய நோய் இதுவன்று. துள்ளுமாரி, நுரையீரல் அழற்சி போன்ற பாக்டீரியா நோய்களையும், குடற்புழுவையும், தீவன நச்சையும் ஆராய வேண்டும்.

ஒரே ஓர் ஆட்டின் முடிவை வைத்துப் பட்டி முழுவதற்கும் தீர்ப்புக் கூறக் கூடாது. பத்தில் ஏழு எட்டு ஆடுகள் முதல் அல்லது இரண்டாவது விதத்தில் வந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை. எனவே காய்ச்சல் புதிதாகக் கண்ட ஆடுகளில் சிலவும், நோயிலிருந்து தேறியவற்றில் சிலவும், இன்னும் நோய் காணாதவற்றில் சிலவுமாகச் சேர்த்து எட்டு முதல் பத்து ஆடுகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வைரஸையே தேடலாமே?

தேடலாம், தேடவும் வேண்டும். மூன்று வாரம் காத்திருந்து கிடைக்கும் முடிவு இன்று சாகும் ஆட்டைக் காப்பாற்றாது. காய்ச்சல் உள்ள முதல் சில நாட்களில் கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் கசிவிலும், உறையாமல் எடுத்த இரத்தத்திலும் வைரஸின் மரபுப்பொருளை பி.சி.ஆர். முறையில் கண்டறியலாம். இறந்த ஆட்டின் நுரையீரல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றையும் மருத்துவர் சேகரித்து அனுப்புவார். விரைவான முடிவுக்கு இதுவே வழி.

ஆனால் நோய் தொடங்கிப் பத்து, பதினைந்து நாட்கள் கடந்த பின்னரே பெரும்பாலோர் மருத்துவரை அழைக்கின்றனர். அப்போது ஆட்டுக்கொல்லி வைரஸ் மறையத் தொடங்கியிருக்கும். எதிர்ப்பொருள்தான் சாட்சியாக நிற்கும். நீலநாக்கு நோயிலோ வேறொரு சிக்கல் உண்டு. பிறவற்றுக்கு நோயைப் பரப்பும் ஆற்றல் போன பிறகும், வைரஸின் மரபுப்பொருள் இரத்தச் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பி.சி.ஆர். பரிசோதனையில் தெரிந்துகொண்டிருக்கும். எனவே வைரஸ் பரிசோதனையும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

முதல் மாதிரி தவறிவிட்டால்?

இந்நிலையிலும் சில வழிகள் உள்ளன. ஐ.ஜி.எம். வகையை மட்டும் தனியே அளக்கும் வசதியுள்ள ஆய்வுக்கூடமாக இருந்தால், ஒரே மாதிரியில் அண்மைத் தொற்றைப் பற்றிய குறிப்புக் கிடைக்கும். ஆனால் இவ்வசதி எல்லா நோய்க்கும் எல்லா இடத்திலும் இல்லை.

எளிய வழி ஒன்று உண்டு. குட்டியின் வயதையே நாட்காட்டியாகக் கொள்வதுதான் அது. தடுப்பூசி போடாத எட்டு, ஒன்பது மாதக் குட்டிகளைச் சோதிக்க வேண்டும். சீம்பால் வழி வந்த எதிர்ப்பொருள் அவற்றில் தீர்ந்துபோயிருக்கும். அந்த வயதுக் குட்டிகளில் எதிர்ப்பொருள் இருந்தால், அவை பிறந்த பிறகே வைரஸ் பட்டிக்குள் வந்திருக்கிறது என்று பொருள். கிழ ஆடுகளில் மட்டும் இருந்து குட்டிகளில் ஒன்றிலும் இல்லாவிட்டால், அது பழைய கதை. வெக்கை நோய் ஒழிப்பின்போது தடுப்பூசியை நிறுத்திவிட்டு, அதன் பிறகு பிறந்த இளம் கால்நடைகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேடியே நாடு நோயற்றது என்று உறுதி செய்தார்கள். நாட்டுக்குப் பொருந்திய அதே கணக்கு ஒரு பட்டிக்கும் பொருந்தும்.

கருச்சிதைவு நேர்ந்த பட்டிகளில் மற்றொரு வழியும் உண்டு. பிறந்த குட்டி சீம்பால் குடிக்கும் முன் அதன் இரத்தத்தை எடுத்துச் சோதித்து, அதில் எதிர்ப்பொருள் இருந்தால், கருவிலேயே அக்குட்டி வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று அறியலாம். சீம்பால் ஒரு வாய் குடித்துவிட்டாலும் இச்சோதனை பயனற்றுப்போகும்.

இரத்தம் முதலில், ஊசி பிறகு

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். பட்டியில் நோய் கண்டதும் அவசரப்பட்டுத் தடுப்பூசி போட்டுவிட்டு, அதன் பிறகு இரத்தம் எடுப்பது வீண் வேலை. மூன்று வாரத்தில் எதிர்ப்பொருள் உயரத்தான் செய்யும். அந்த உயர்வு ஊசியினால் வந்ததா, நோயினால் வந்ததா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் மாதிரியை எடுத்த பின்னரே ஊசி போட வேண்டும். ஊசி போட்டால், போட்ட தேதியையும் எந்தெந்த ஆட்டுக்குப் போட்டது என்பதையும் ஆய்வுக்கூடத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது மாதிரிக்காகக் குறித்த ஆடுகளுக்கு ஊசி போடலாமா, தள்ளிவைக்கலாமா என்பதை மருத்துவர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார்.

நோய் ஏற்கெனவே உடலில் புகுந்துவிட்ட ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அது பிழைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஊசியின் பலன் இன்னும் நோய் எட்டாத ஆடுகளுக்கும் அண்டைப் பட்டிகளுக்குமே கிடைக்கும்.

பண்ணையாளர் செய்ய வேண்டியவை

* தடுப்பூசி போட்ட தேதி, மருந்தின் பெயர், புதிய ஆடு வாங்கிய தேதி, நோய் தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். இக்குறிப்பு இல்லாத இரத்த மாதிரிக்குப் பாதி மதிப்புத்தான் உண்டு.

* இரத்தம் எடுத்த ஆடுகளுக்குக் காதில் எண் வில்லை பொருத்தவும். அது இயலாவிட்டால் கழுத்தில் வண்ணக் கயிறு கட்டி, எண்ணை எழுதி வைக்கவும். இரண்டாவது முறை வேறு ஆட்டில் எடுத்தால் எல்லாம் வீணாகும்.

* கழுத்துச் சிரையிலிருந்து ஏறத்தாழ 5 மி.லி. இரத்தத்தை மருத்துவர் அல்லது கால்நடை ஆய்வாளர் எடுப்பார். சீரத்திற்கான குழாயில் உறைதடுப்பு மருந்து இருக்கக் கூடாது. குழாயைச் சாய்த்து நிழலில் ஓரிரு மணி நேரம் வைத்தால் இரத்தம் உறைந்து தெளிநீர் பிரியும். குழாயைக் குலுக்குவதும் வெயிலில் வைப்பதும் கூடாது.

* சீரம் பிரிக்காத இரத்தத்தை உறைபெட்டியில் வைத்து உறையவிடக் கூடாது. சிவப்பணுக்கள் உடைந்து சீரம் செந்நிறமாகிக் கெட்டுவிடும். பனிக்கட்டி வைத்த பெட்டியில் குளிர்ச்சியாக எடுத்துச் செல்ல வேண்டும்.

* 21-ம் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, அன்று மருத்துவருக்கு நீங்களே நினைவூட்டவும்.

அந்த மூன்று வாரம்

நடைமுறையில் இரண்டாவது மாதிரி கிடைக்காமல் போவதற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு. நோய் கண்டதும், செத்த பிறகு ஒன்றுமில்லை என்ற அச்சத்தில், நடமாடும் ஆடுகளை வந்த விலைக்குச் சந்தையில் விற்றுவிடுகிறோம். கிடை போடுவோர் மந்தையை அடுத்த ஊருக்கு ஓட்டிவிடுகின்றனர். முதல் மாதிரி கொடுத்த ஆடு பிறகு எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. கஷ்டத்தில் இருப்பவர் செய்வது இது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோயின் கிருமி உடலில் புகுந்து நான்கு முதல் ஆறு நாட்கள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல ஆடு என்று விற்றதும் வாங்கியதும் இந்த நாட்களில் இருந்த ஆடாக இருக்கலாம். ஒரு சந்தையிலிருந்து அது பத்து ஊர்ப் பட்டிகளுக்குச் சென்றுவிடும். விற்றவருக்குக் கிடைத்தது அரை விலை. வாங்கியவருக்குப் போனது மந்தை. அடுத்த ஆண்டு அதே சந்தையில் நாம் வாங்கும் ஆட்டோடு அதே நோய் நம் பட்டிக்கே திரும்பி வரும்.

ஆகவே மூன்று வாரம் ஆடுகளை விற்காமலும், பிற மந்தைகளோடு மேயவிடாமலும், பொதுக் குட்டையில் தண்ணீர் காட்டாமலும் வைத்திருக்க வேண்டும். நோயுற்ற ஆடுகளைத் தனியே கட்டி, அவற்றைக் கவனிப்பவர் மற்ற ஆடுகளிடம் போகாமலிருக்க வேண்டும். வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை. ஆயினும் துணையாக வரும் பாக்டீரியாக்களை அடக்க மருத்துவர் தரும் ஊசிகள் பல ஆடுகளைக் காப்பாற்றும். வாய்ப்புண் உள்ள ஆட்டுக்குக் கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி, இளம் பசுந்தழை ஆகியவற்றைக் கொடுக்கலாம். கழிச்சல் உள்ள ஆட்டுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அடிக்கடி புகட்டலாம். இறந்த ஆட்டை ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

வெளியிலிருந்து புதிதாக ஆடு வாங்குவோருக்கும் இம்மூன்று வாரக் கணக்கு பொருந்தும். வாங்கிய ஆடுகளைத் தனியே 21 நாட்கள் வைத்துப் பார்த்து, பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த பொலிகிடாக்களை வாங்கும்போது, வந்த அன்றும் 21-ம் நாளும் இரத்தம் எடுத்துச் சோதிப்பது செலவுக்குத் தகுந்த காப்பாகும்.

மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர், சென்னைச் சிவப்பு என நம் மண்ணுக்கே உரிய செம்மறி இனங்கள் பல உள்ளன. அரசுத் திட்டத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டு வரும் இந்நாளில், எதிர்ப்பொருள் உள்ள ஆடுகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அது நல்ல செய்தியே. ஆனால் அதே காரணத்தால் ஒரே மாதிரியை வைத்து நோயை முடிவு செய்வது முன்னைவிடத் தவறாகிக்கொண்டே போகும். இரண்டாவது மாதிரியின் தேவை கூடிக்கொண்டே வரும்.

உங்கள் பட்டியில் இரண்டு ஆடுகளுக்கு ஒரே நாளில் காய்ச்சல் கண்டால், மூன்றாவது ஆட்டுக்கு வரட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்கவும். மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவின் வழியாக மாதிரிகளை ஆய்வுக்கு அனுப்ப மருத்துவர் ஏற்பாடு செய்வார். அறிக்கை வந்ததும், எதிர்ப்பொருள் உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், முதல் மாதிரிக்கும் இரண்டாவது மாதிரிக்கும் இடையே என்ன மாற்றம் ஏற்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.